88 அங்குலம்: ஆப்டெராவை எங்கே நிறுத்துவது?

கேள்வி, 2025 பிப்ரவரி 2

"ஆப்டெரா என்ற சூரிய மின்வண்டிக்கு முன்பணம் கட்டி வைத்திருக்கிறேன். ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் வைத்த வண்டியின் படங்களைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. இரண்டு பேர் உட்காரும் மூன்று சக்கர வண்டிக்கு 88 அங்குல அகலமா? இதை எந்தப் பார்க்கிங்கிலும் நிறுத்த முடியாது, கராஜ் வாசலிலேயே மாட்டிக்கொள்ளும் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?"

2025 பிப்ரவரி 2

மைத்துனரிடம் ஓர் அளவுநாடாவைக் கொடுங்கள்.

88 அங்குலம் என்பது 7 அடி 4 அங்குலம். அமெரிக்காவில் சாதாரண பார்க்கிங் கட்டம் எட்டரை முதல் ஒன்பது அடி. எட்டரை அடிக் கட்டத்தில் நடுவாக நிறுத்தினால் இருபுறமும் ஏழு ஏழு அங்குலம் மிஞ்சும். ஒன்பது அடியானால் பத்துப் பத்து. நிற்கும். 'காம்பாக்ட்' என்று எழுதிய ஏழரை அடிக் கட்டத்தில் பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

கராஜ் கதவு பழைய வீடுகளில் எட்டு அடி. பக்கத்துக்கு நான்கு அங்குலம். போகும். தினமும் போக மனம் வருமா என்பது வேறு.

நானும் முன்பதிவு செய்தவன். சான் டியேகோவில் இருக்கிறேன், அவர்கள் தொழிற்சாலை இருக்கும் கார்ல்ஸ்பாட் இங்கிருந்து சற்று வடக்கே. ஆகவே இந்தக் கவலை எனக்கும் உண்டு.

2025 பிப்ரவரி 3

ஒருவர் எழுதுகிறார்: "ஃபோர்டு எஃப்-150 பக்கக் கண்ணாடியோடு 96 அங்குலம். நாடு முழுவதும் நிற்கவில்லையா?"

நிற்கிறது. ஆனால் கண்ணாடியைக் கழித்தால் அந்த ட்ரக் 80 அங்குலம்தான். கண்ணாடி மடங்கும். ஆப்டெராவின் 88 மடங்காது.

2025 பிப்ரவரி 3, இரவு

ராப்டரை மறந்துவிட்டோம். அதே எஃப்-150இன் அகன்ற வகை. கண்ணாடி சேர்க்காமலே சுமார் 87 அங்குலம். அதன் முன்முகத்தில் மூன்று சிறிய மஞ்சள் விளக்குகள் இருக்கின்றனவே, அவை அழகுக்காக வைத்தவை இல்லை. 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள ட்ரக்குகளுக்கு அந்த அடையாள விளக்குகளைக் கூட்டாட்சி விதி கேட்கிறது.

ராப்டருக்கு ஏறக்குறைய சமமான அகலம் என்றால் பயம் பாதி குறைகிறது. எங்கள் தெருவிலேயே ஒன்று இருக்கிறது. அது போகாத இடம் இல்லை.

ஆப்டெராவுக்கு அந்த மஞ்சள் விளக்கு வேண்டியதில்லை. ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் சைக்கிள். தரையில் மூன்று சக்கரத்துக்கு மேல் படாத வாகனம் எல்லாம் அந்தக் கணக்குத்தான்.

2025 பிப்ரவரி 9

வார இறுதியில் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "மளிகைக்குப் போகிறோமா, நில அளவைக்குப் போகிறோமா?" என்று மனைவி கேட்டார். இரண்டுக்கும்தான்.

மீரா மெசாவில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடை வளாகத்தில் கோடுகளுக்கு இடையே எட்டரை அடி தாராளமாக இருக்கிறது. கான்வாய் தெருவில் சாப்பாட்டுக் கடைகளின் பின்புறம் வேறு உலகம். அங்கே பார்க்கிங் கிடைப்பதே குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் ஒரு பக்கம் தூண், மறுபக்கம் குப்பைத்தொட்டிச் சுவர். ஆப்டெராவோடு அங்கே போகமாட்டேன். உள்ளதைச் சொன்னால், இப்போதிருக்கும் காரோடு போகவும் எனக்குப் பிடிப்பதில்லை.

அளந்துகொண்டிருந்தபோது எண்ணைவிட வேறொன்று உறுத்தியது. ஒவ்வொரு வண்டியும் வேறு வேறு உயரத்தில் அகலமாக இருக்கிறது. ட்ரக்கின் அகலம் என் நெஞ்சு உயரத்தில். சாதாரண காரின் அகலம் கதவின் நடுவில். ஆப்டெராவின் அகலமோ முழங்காலுக்குக் கீழே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சக்கரக் கூடுகளில் இருக்கிறது. ஆள் உட்காரும் பகுதி அதைவிட நன்றாகக் குறுகியது. நண்டைப் போல: உடல் சிறியது, கால் பரப்பு பெரியது.

ஆகவே கோடுகளுக்கு நடுவே நிற்குமா என்று கேட்டுப் பயனில்லை. முழங்கால் உயரத்தில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விளிம்புக் கல், தூணின் அடிக்கட்டு, யாரோ விட்டுப்போன தள்ளுவண்டி, காரை விட்டு இறங்காமலே வேலை முடிக்கும் வங்கியின் ட்ரைவ்-த்ரூவில் நட்டுவைத்த மஞ்சள் இரும்புக் குழாய். இவை எல்லாமே தாழ்வானவை.

2025 பிப்ரவரி 10

"அப்படியானால் பின்பக்கம் இரட்டைச் சக்கரம் வைத்த ட்ரக்?" என்கிறார் டெக்சஸ்காரர் ஒருவர்.

நல்ல உதாரணம். எஃப்-350இன் இரட்டைச் சக்கர வகைக்குப் பின்மட்கார்டில் 96 அங்குலம். அதுவும் தாழ்வு, அதுவும் மடங்காது, அதுவும் ஓட்டுநர் கண்ணில் நேராகப் படாது. ட்ரைவ்-த்ரூ விளிம்புக் கற்களில் கறுப்பு ரப்பர்த் தேய்ப்பு இருந்தால் யார் போனார்கள் என்று ஊகிக்கலாம். ஆனால் ட்ரக் டயர் அந்தத் தேய்ப்பைத் தாங்கும். நம் கூடு பிளாஸ்டிக் ஓடு.

2025 பிப்ரவரி 16

"அகலத்தைக் குறைத்துத் தொலைக்கலாமே, ஏன் இந்தப் பிடிவாதம்?" என்று இருவர் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதல் காரணம், கவிழாமல் இருப்பது. நான்கு சக்கர வண்டி தரையில் ஒரு செவ்வகம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் முக்கோணம். வளைவில் வண்டி சாயும்போது முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் சாய்கோட்டைத் தாண்டித்தான் கவிழும். எடைமையம் எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவுக்கு அந்தக் கோடு நெருங்கி வரும். எடைமையம் முன்னச்சிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சக்கரங்களின் பாதி இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் உங்களுக்குப் பயன்படும். சாதாரண காருக்குச் சக்கர இடைவெளி 63 அங்குலம் என்றால் பாதி 31.5. மூன்று சக்கரத்தில் அதே பிடிமானம் வேண்டுமானால் பாதி 47, முழு இடைவெளி 94. அதைக் குறைக்க இரண்டே வழி: எடையை முன்னால் தள்ளு, எடையைக் கீழே இறக்கு. பேட்டரி தரையோடு படுத்திருப்பதால் இரண்டாவது நடக்கிறது. மோட்டாரும் முன்னச்சில் இருப்பதால் முதலாவதும் ஓரளவு நடக்கிறது. மிச்சத்தை அகலத்தால் ஈடு கட்டுகிறார்கள்.

நம் ஊர் ஆட்டோவில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு; அகலம் 1.3 மீட்டர். அது தலைகீழ் முக்கோணம். பிரேக் அடித்து வளைத்தால் எடை முன்னே, முக்கோணத்தின் குறுகிய முனைக்கு ஓடும். பிரிட்டனின் மூன்று சக்கரக் கார் ரிலையன்ட் ராபின் கேலிக்கு ஆளானதும் இந்த அமைப்பால்தான். சந்தில் நுழைய, மெதுவாகப் போக ஆட்டோ போதும். மணிக்கு 70 மைலில் நெடுஞ்சாலைக்குப் போதாது.

இரண்டாவது காரணம் காற்று. ஆப்டெராவின் இழுவைக் குணகம், அதாவது காற்று வண்டியை எவ்வளவு பிடித்திழுக்கிறது என்ற அளவு, 0.13 என்கிறார்கள். சாதாரண கார்கள் 0.25, 0.30 என்று நிற்கும். உடலைச் சொட்டு நீர் போலப் பின்னால் கூராக முடிக்க வேண்டும். பின்னால் ஒற்றைச் சக்கரம் இருந்தால்தான் அப்படி முடிக்க முடியும். முன்சக்கரங்களை உடலுக்குள் வைத்தால் உடல் பருக்கும். உடலை ஒட்டி வைத்தால் இரண்டுக்கும் நடுவே காற்று நெரிந்து இழுவை கூடும். ஆகவே சிறிய விமானச் சக்கரத்துக்குப் போடுவது போன்ற உறையை மாட்டித் தள்ளி வைத்துவிட்டார்கள். அந்தத் தள்ளிவைப்புக்கு நாம் கொடுக்கும் வாடகைதான் இந்தப் பார்க்கிங் தலைவலி.

போலாரிஸ் ஸ்லிங்ஷாட்டும் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. 78 அங்குலத்தில் முடித்துவிட்டார்கள். அவர்களுக்குக் காற்றைப் பற்றிக் கவலை இல்லை; கூரையே கிடையாதே.

2025 பிப்ரவரி 16, சற்றுப் பின்

மேலே நான் போட்ட 94 கணக்கு விளங்குவதற்காக. ஆப்டெராவின் எடைமையம் அங்கேதான் இருக்கிறது என்று யாரும் பகிர்ந்து பரப்ப வேண்டாம்.

2025 மார்ச் 1

கராஜ். எங்களுடையது இரண்டு கார் கராஜ், ஒரே பெரிய கதவு, 16 அடி. அதாவது 192 அங்குலம். எங்கள் டெஸ்லா மாடல் ஒய் சுமார் 76, ஆப்டெரா 88, மொத்தம் 164. மீதி 28. உள்ளே 20 அடி அகலம் என்பதால் நுழைந்த பிறகு மூச்சுவிடலாம். ஆப்டெராவின் கதவு மேல்நோக்கித் திறப்பதால் பக்கத்தில் இடம் தேவையில்லை. கார்க் கதவுக்கு அந்த இடம் முழுவதையும் கொடுத்துவிடலாம்.

காகிதத்தில் இப்படி. நிஜத்தில் இடப்பக்கச் சுவரில் துவைக்கும் இயந்திரம், வலப்பக்கம் ஊருக்குப் போகும் பெட்டிகள், அரிசி மூட்டை, பிள்ளை இனி ஒருபோதும் ஏறப்போகாத சைக்கிள். மேலே திறக்கும் கதவுக்குக் கூரை உயரத்தையும் பார்க்க வேண்டும். கராஜ் கதவு திறந்து உள்ளே படுக்கும்போது அதன் தண்டவாளம் எங்கே ஓடுகிறது என்று அண்ணாந்து பாருங்கள்.

தரையில் 88 அங்குலத்துக்கு நீல டேப் ஒட்டினேன். மனைவி வந்து நின்று பார்த்தார். "எதிர்வீட்டு ட்ரக்குக்கும் கராஜ் இருக்கிறது. அது என்றைக்காவது உள்ளே நின்று பார்த்திருக்கிறீர்களா?"

பதில் சொல்லவில்லை. டேப் இன்னும் இருக்கிறது.

2025 மார்ச் 4

மனைவி கேட்டது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. உண்மையில் இந்த வண்டியைக் கராஜுக்குள் எதற்கு வைக்க வேண்டும்?

மேலே சுமார் 700 வாட் சூரியத் தகடு. நல்ல வெயிலில் நாளைக்கு 40 மைல் வரை கிடைக்கும் என்பதுதான் இதை வாங்கவே காரணம். 700 வாட், ஐந்தரை மணி நேர முழு வெயில் என்றால் 3.85 யூனிட். ஒரு யூனிட்டுக்குப் பத்து மைல் என்ற அவர்கள் கணக்கை ஏற்றால் 38 மைல். கணக்கு ஒத்துவருகிறது. ஆனால் தகடுகள் முன்மூடி, கூரை, பின்கதவு என்று வளைந்த பரப்புகளில் பரவியிருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் சூரியனை நேராகப் பார்க்க முடியாது. ஆகவே 40 என்பது உச்சம். ஜூன் மாதம் முழுவதும் மூடிக்கிடக்கும் எங்கள் கடற்கரை வானத்தில் இன்னும் குறையும்.

எப்படியிருந்தாலும் கூரைக்குக் கீழே வைத்தால் பூஜ்யம். வெயிலில் நிற்கத்தான் இதைச் செய்தார்கள். கராஜ் கதவை அளந்து அளந்து மண்டை காய்ந்தவர்கள், நான் உட்பட, வீட்டு வாசலையும் தெருவோரத்தையும் அளந்திருக்க வேண்டும்.

2025 மார்ச் 15

தெருவோரம். இங்கேதான் வேடிக்கை.

கலிபோர்னியா வாகனச் சட்டம் 22502: தெருவோரம் நிறுத்தும் வாகனத்தின் வலப்பக்கச் சக்கரங்கள் விளிம்புக் கல்லிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் விலக்கு. என்ன விலக்கு? ஒரு சக்கரமோ மட்கார்டோ அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம்!

இரண்டு சக்கர வண்டியைச் சாய்வாக, பின்சக்கரத்தை விளிம்பில் முட்டி நிறுத்துவதற்காக எழுதிய விதி. ஆப்டெராவை மோட்டார் சைக்கிளாகப் பதிவு செய்துவிட்டு இதை எழுத்துக்கு எழுத்து படித்தால், அந்த வழுவழுப்பான சக்கரக் கூட்டை நாமே கொண்டுபோய்க் கல்லில் உரச வேண்டும். எந்தக் காவலரும் இதற்காகச் சீட்டு எழுதமாட்டார் என்றே நினைக்கிறேன். எழுதினால் அந்தச் சீட்டை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிவைப்பேன்.

வேடிக்கையை விடுங்கள். தெருவோரப் பார்க்கிங் பட்டை பெரும்பாலும் ஏழு முதல் எட்டு அடி. ஏழு அடிப் பட்டையில் கல்லைத் தொட்டு நின்றாலும் நான்கு அங்குலம் வெளியே நீட்டும். எட்டு அடியில், ஓர் அடி தள்ளி நிறுத்தினால் அதே நான்கு அங்குலம். வெளியே நீட்டுவது எது? தாழ்வான கூடு. அந்த வழியாக வரும் ட்ரக் ஓட்டுநர் மேலேயுள்ள குறுகிய உடலைப் பார்த்து நிறைய இடம் இருப்பதாக நினைத்துக்கொள்வார். எனக்கு உண்மையாகவே பயம் தருவது இந்த ஓர் இடம்தான். நார்த் பார்க் பக்கத்துப் பழைய தெருக்களில் இரவில் நிறுத்தமாட்டேன்.

2025 மார்ச் 16

"மோட்டார் சைக்கிள் என்றால் ஹெல்மெட் போட வேண்டுமா? நெரிசலில் இரண்டு தடங்களுக்கு நடுவே புகுந்து போகலாமா?"

முதலாவது வேண்டாம்: முழுதும் மூடிய, 7 அடி நீளம், 4 அடி அகலம், 900 பவுண்டு எடைக்குக் குறையாத மூன்று சக்கர வாகனத்துக்கு 27803-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. இரண்டாவதை 21714-ஆம் பிரிவு வெளிப்படையாகவே தடுக்கிறது. ஏழு அடிக்கும் மேல் அகலமான வண்டியைத் தடங்களுக்கு நடுவே ஓட்டக்கூடாது என்று ஒரு சட்டமே தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள். (சரி, அது எழுதப்பட்டது குறுகிய மூன்று சக்கர வண்டிகளுக்கும் சேர்த்து.)

தடத்துக்குள் ஓட்டுவதில் சிக்கல் இல்லை. நெடுஞ்சாலைத் தடம் 12 அடி. பக்கத்துக்கு 28 அங்குலம் மிஞ்சும். எட்டரை அடி அகலச் சரக்கு டிரெய்லர்கள் அதே தடத்தில்தான் போகின்றன.

2025 ஏப்ரல் 6

பார்க்கிங் கட்டத்துக்குள் எப்படி நிறுத்துவது என்று யோசித்ததில் ஒரு வழி தெளிவானது: பின்னோக்கி நுழைவது.

பக்கத்துக் கார் முன்னோக்கி நின்றால் அதன் ஓட்டுநர் கதவு கட்டத்தின் உள்முனையிலிருந்து ஐந்து முதல் ஒன்பது அடிக்குள் வரும். நாம் பின்னோக்கி நின்றால் அந்த இடத்தில் நம் கூரிய வால் இருக்கும். சக்கரக் கூடுகள் பத்து அடிக்கு மேல், வெளிமுனைப் பக்கம். அவர் கதவைத் தாராளமாகத் திறந்து இறங்கலாம். நாமும் முன்னோக்கி நின்றால் அவர் கதவு நம் கூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கட்டத்தின் பின்பாதியைப் பக்கத்து ஆளுக்கு இனாமாகக் கொடுக்கும் வண்டி இது ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. பின்னோக்கி வளைக்கும்போது வால் வெண்ணெயில் கத்தியாக உள்ளே போகும். "ஆஹா" என்று நினைக்கும் நேரத்தில் முன்பக்கம் வெளியே வீசும், அங்கேதான் 88 அங்குலமும் இருக்கிறது. வாலைப் பார்த்து ஓட்டுகிறவர் கூட்டை இழப்பார்.

சிமெண்ட் தடுப்புக் கட்டைகள்: சாதாரணமாக ஆறு அடி நீளம், கட்டத்தின் நடுவே கிடக்கும். பின்னோக்கி வந்தால் ஒற்றைப் பின்சக்கரம் போய் நடுவில் முட்டும், வேலை செய்யும். முன்னோக்கி வந்தால் சக்கரங்கள் கட்டையின் இருமுனைகளையும் தாண்டி வெளியே ஓடக்கூடும். கட்டை தடுக்கும் என்று நம்பி மெத்தனமாக வருகிறவரைச் சுவர் தடுக்கும்.

2025 ஏப்ரல் 7

கார் வாஷ் பற்றிக் கேட்டவருக்கு: இழுத்துச் செல்லும் சங்கிலி வகையில் வேண்டாம். அது ஒரு பக்கச் சக்கரங்களைப் பள்ளத்தில் இறக்கி உருளையால் தள்ளும் ஏற்பாடு. நடுவில் ஒற்றைச் சக்கரம் இருக்கும் வண்டிக்கு அங்கே வேலை இல்லை. இரட்டைச் சக்கர ட்ரக்குகளையே பல இடங்களில் வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். வாளியும் துணியும்.

2025 ஜூன் 22

யாரும் கேட்காத ஒன்று. பின்சக்கரம் தடத்தின் நடுவே ஓடும். நடுவில்தான் எல்லா வண்டிகளின் எண்ணெய்ச் சொட்டும் சேர்ந்திருக்கும்; மோட்டார் சைக்கிள் பழகுகிறவர்களுக்கு அந்தப் பட்டையைத் தவிர்க்கச் சொல்வார்கள். மாதக்கணக்காக மழை இல்லாத எங்கள் ஊரில் முதல் மழை அன்று அது வழுக்கும். முன்னச்சு இழுக்கிறது என்பதால் பெரிய ஆபத்தாகப் படவில்லை. ஆனால் சாலையில் கிடக்கும் மரத்துண்டை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுப் போகும் நம் கைப்பழக்கம் இங்கே செல்லாது.

2025 அக்டோபர் 19

கம்பெனி நாஸ்டாக்கில் பட்டியலாகிவிட்டது. பங்கு வந்துவிட்டது, வண்டி இன்னும் வரவில்லை. 2011இல் ஒருமுறை கடையை மூடி, 2019இல் மீண்டும் திறந்தவர்கள். ஆகவே பொறுமை இல்லாதவர்கள் இந்த வரிசையில் முதலிலிருந்தே நிற்கவில்லை.

"அகலத்துக்காக முன்பதிவைத் திரும்பப் பெறலாமா?" என்று தனியாகக் கேட்டவருக்கு: நீங்கள் சொன்ன விவரப்படி உங்கள் அடுக்குமாடியில் தரைக்கீழ் பார்க்கிங், கட்டத்தின் இரு பக்கமும் தூண், மேலே வெயிலும் இல்லை. உங்களுக்கு இது சரிப்படாது. தூணுக்காக ஒரு மடங்கு, வெயிலுக்காக இரண்டு மடங்கு. சொந்த வாசல் இருப்பவர் வாங்கட்டும்.

2025 நவம்பர் 2

முன்பதிவை வைத்துக்கொள்கிறவர்கள் தரையில் டேப் ஒட்டுவதோடு நிற்க வேண்டாம். டேப் நேராக நுழைவதை மட்டும் காட்டும். 88 அங்குல நீளத்தில் ஒரு பலகையை எடுத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும்படி இரு முனைகளிலும் அட்டைப்பெட்டி கட்டி, பழைய தள்ளுவண்டியில் வைத்துத் தெருவிலிருந்து வாசல் மேட்டுக்குத் தள்ளிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கராஜ் கதவு ஒரு பிரச்சினையும் செய்யவில்லை. தபால்பெட்டிக் கம்பத்தின் அடிக்கல்தான் திரும்பும் இடத்தில் பெட்டியைக் கிழித்தது. அதைப் பெயர்த்து ஓர் அடி தள்ளி நட வேண்டும். அதற்கு வீட்டுச் சங்கத்தின் அனுமதி வேண்டும். அவர்கள் அடுத்த கூட்டம் ஜனவரியில்.